எங்கே கற்பது?

"மேலே படிக்கலாமா, ஐயா? படிப்பதானால் எங்கே படிப்பது?"

கேட்டவள் இருபது வயது நிரம்பிய பெண். இளங்கலை வகுப்பில் இலக்கியம் பயின்று தேறியவள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதற்கால் அவளுடைய கால்தான். தந்தை தறி நெய்பவர். அவள் கையிலே ஒரு விண்ணப்பத்தாள். பெயர் எழுதப்பட்டிருந்தது, ஊர் எழுதப்பட்டிருந்தது, தந்தையின் தொழில் எழுதப்பட்டிருந்தது. எந்தப் பாடம், எந்த நிலையம் என்னும் இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

அந்த வெற்றிடத்தை நிரப்ப முன்வந்தோர் பலர். "இலக்கியம் சோறு போடுமா?" என்றார் மாமன். "பெண்ணுக்கு எதற்கு எம்.ஏ.?" என்றார் அண்டை வீட்டு மூதாட்டி. "படிப்பதானால் ஆங்கில இலக்கியம் படி, அதற்குத்தான் மதிப்பு" என்றார் உலகமறிந்தவர் ஒருவர். "சீமைக்கே போய்விடு, கடன் கொடுக்க வங்கி காத்திருக்கிறது" என்றார் அவரினும் உலகமறிந்த இன்னொருவர். தந்தை மட்டும் ஒன்றும் கூறவில்லை. இருக்கும் ஒரே வீட்டின் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தார், பார்த்தார், மீண்டும் உள்ளே வைத்தார்.

பேசியோரின் பேச்சு என்னை வாட்டவில்லை. பேசாத அந்தத் தந்தையின் மௌனம் வாட்டிற்று. ஆகவே அந்தப் பெண்ணுக்கு நான் உடனே விடை கூறவில்லை. வரலாறு கூறினேன். அவளுக்குக் கூறியதை, அவளைப் போன்றே விண்ணப்பத்தாளைக் கையிலேந்தி மயங்கி நிற்கும் தம்பிமார்க்கும் தங்கையர்க்கும் கூறுகிறேன்.

இலக்கியத்துக்கு ஒரு பட்டம் உண்டு என்பது இன்று நமக்கு வியப்பாக இல்லை. ஆனால் அது தொன்றுதொட்டு வந்த ஏற்பாடன்று. போராடிப் பெற்ற உரிமை. அதுவும் நம் நாட்டில் மட்டுமன்று. நம்மை ஆண்ட ஆங்கிலேயன் நாட்டிலேயே அப்படித்தான்!

ஷேக்ஸ்பியர் பிறந்த நாடு அது. மில்டன் பாடிய நாடு அது. அந்த மில்டன் கேம்பிரிட்ஜில் பயின்று 1632ஆம் ஆண்டு எம்.ஏ. பட்டம் பெற்றார். எதைப் பயின்று? தாய்மொழி இலக்கியத்தையா? அன்று! இலத்தீனையும் கிரேக்கத்தையும், அவற்றோடு ஒட்டிய தருக்கத்தையும். ஆங்கில இலக்கியத்துக்கெனத் தனித் தேர்வு அந்தக் கேம்பிரிட்ஜில் எப்போது ஏற்பட்டது தெரியுமா? 1917ஆம் ஆண்டு. மில்டன் பட்டம் பெற்று 285 ஆண்டுகள் ஓடிய பிறகு! மாபெருங் கவிஞனை ஈன்ற கழகம், அவன் பாடிய மொழியைப் பாடமாக ஏற்க ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு தயங்கிற்று.

ஆக்ஸ்போர்டு மட்டும் என்ன வாழ்ந்தது? 1885இல் ஆங்கில மொழிக்கும் இலக்கியத்துக்கும் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தினர். 1887இல் தனிப் பாடத்திட்டமே வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, பேராசிரியர் ஃப்ரீமன் என்னும் வரலாற்றறிஞர் முன்னின்று எதிர்த்தார். சுவையைத் தேர்வு வைத்து அளக்க இயலாது, மொழியின் இலக்கணத்தை விட்டுவிட்டால் எஞ்சுவது கவிஞர்களைப் பற்றிய வெறும் வம்பளப்பே என்பது அவருடைய வாதத்தின் சாரம். கோரிக்கை தோற்றது. 1894இல்தான் வென்றது.

இலண்டன் நகரில் மட்டும் கதை வேறு. 1820களில் அங்கே புதிய பல்கலைக்கழகம் ஒன்று தோன்றிற்று. இன்று அதனை யூனிவர்சிட்டி கல்லூரி என்பர். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டம் பெற வேண்டுமானால் இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைக்கு உடன்பட வேண்டும் என்றிருந்த காலம் அது. அந்தத் தடை முற்றிலும் நீங்க 1871ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. இலண்டன் கழகமோ, 'உன் மதம் என்ன?' என்று வாயிலில் நின்று கேட்கவில்லை. கடவுளற்ற கழகம் என்று வைதீகர் அதனை ஏசினர். ஏசப்பட்ட அந்தக் கழகந்தான் 1828இலேயே ஆங்கில மொழிக்கும் இலக்கியத்துக்கும் பேராசிரியரை அமர்த்திற்று. வேடிக்கை என்னவெனில், அமர்த்தப்பட்ட தாமஸ் டேல் என்பவர் ஒரு பாதிரியார்!

இதில் ஒரு பாடம் இருக்கிறது. மதத்தின் பெயரால் மனிதனைத் தடுத்த வாயில்கள், மதிப்பின் பெயரால் மக்கள் மொழியையும் தடுத்தன. மனிதனுக்குத் திறந்த வாயில் மொழிக்கும் திறந்தது. ஒரு நிலையத்தின் தொன்மை வேறு. அதன் தகுதி வேறு. பழைய கட்டடம் என்பதற்காகவே பணிந்துவிடாதே என்று வரலாறு நமக்குக் கூறுகிறது.

இனி நம் நாட்டுப் பக்கம் வருவோம். 1835இல் மெக்காலேயின் குறிப்பு எழுதப்பட்டது. ஆங்கிலக் கல்விக்கு அரசின் பணமும் ஆதரவும் கிடைத்தன. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்றிடங்களில் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. ஆக்ஸ்போர்டு தன் வீட்டுப் பிள்ளையை வாயிலில் நிறுத்தி வைத்திருந்தபோதே, இங்கே அந்தப் பிள்ளை அரியணை ஏறிவிட்டது! 1884ஆம் ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் எம்.ஏ. தேறினார் சந்திரமுகி பாசு. அவர் ஒரு பெண். கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். ஆகவே இந்துப் பெண்களுக்கென்றே நடந்த பெதூன் பள்ளி தொடக்கத்தில் அவருக்கு இடம் தரவில்லை. பின்னாளில் அதே பெதூன் கல்லூரியின் தலைவராகவே அமர்ந்தார். ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1920இல், கேம்பிரிட்ஜ் 1948இல். "பெண்ணுக்கு எதற்கு எம்.ஏ.?" என்னும் மூதாட்டிக்கு, அந்த அம்மையார் 1884இலேயே விடை கூறிவிட்டார்.

ஆங்கிலம் அரியணையில், தமிழ் எங்கே? கல்லூரியின் கொல்லைப்புறத்தில்! 1880இல் உ. வே. சாமிநாத ஐயர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். திங்களுக்கு 50 ரூபாய் ஊதியம். அதே கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர் பெற்றது பன்மடங்கு. அவரிடம் பட்டம் எதுவும் இல்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்ட புலமைதான் இருந்தது. பட்டமில்லாத அவர் ஓலைகளைத் தேடி அலைந்து 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். அந்த நூல்களைப் படித்துத்தான் பின்னால் வந்தோர் பட்டம் பெற்றனர்! 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கே டாக்டர் பட்டம் அளித்தது.

அப்படியானால் பட்டம் தேவையில்லையா என்று கேட்பாய். அவசரப்படாதே. ஐயருக்குக் கிடைத்த பாடம் யாருக்கெல்லாம் கிடைத்தது? மடத்துத் திண்ணையிலும் புலவர் இல்லத்திலும் ஏடு விரிந்த நாளில், அந்தத் திண்ணையில் ஏற எல்லோருக்கும் இடமிருந்ததா? உழவன் மகனுக்கு? தோட்டி மகனுக்கு? நெசவாளியின் மகளுக்கு? ஊர்ப் பொதுக்கிணற்றில் நீர் மொள்ளவே உரிமையற்றவன், ஏட்டிலிருந்து அறிவை மொள்வது எப்படி? பல்கலைக்கழகத் தேர்வில் ஆயிரம் குறை இருக்கலாம். ஆயினும் விடைத்தாளில் எண்தான் இருக்கும், குலம் இராது. திண்ணை ஒரு சிலருக்கு, தேர்வு எவருக்கும். பட்டத்தின் பெருமை அதில் பொறித்த முத்திரையில் இல்லை. அது பொது வழி என்பதில் இருக்கிறது.

அந்தப் பொது வழியையும் அடைக்கப் பார்த்தனர். 1902இல், சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தாய்மொழிகளை நீக்கும் முயற்சி எழுந்தது. எதிர்த்து நின்றோருள் முன்னணியில் நின்றவர், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழ் கற்பித்த பரிதிமாற் கலைஞர். சூரியநாராயண சாஸ்திரி என்ற தம் பெயரையே தமிழாக்கிக் கொண்டவர். தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று முழங்கியவர். முயற்சி கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டே, 33 வயதில், அவர் மறைந்தார். அன்று அந்தக் கதவு சாத்தப்பட்டிருந்தால், இன்று விண்ணப்பத்தாளில் 'தமிழ்' என்று எழுத இடமே இருந்திருக்குமோ, என்னவோ! 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. 1931இல் அங்கே தமிழ்ப் பேராசிரியராக வந்தமர்ந்தவர், ஈழத்து மட்டக்களப்புப் பகுதியில் பிறந்த விபுலானந்தர். கொல்லைப்புறத்தில் நின்ற தமிழ் கூடத்துக்கு வந்தது.

வாயில் திறந்த கதை இது. அந்த வாயிலில் நுழைந்தோர் எப்படி இடம் தேர்ந்தனர்? மூவர் வாழ்க்கையைப் பார்ப்போம்.

முதலாமவர் ஜோசப் ரைட். 1855இல் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் வறுமையின் மடியில் பிறந்தவர். ஆறு வயதில் கற்சுரங்கத்தில் கழுதை வண்டி ஓட்டினார். பிறகு ஆலைத் தொழிலாளி. பதினைந்து வயது வரை எழுத்தறியாதவர். 1870இல் பிரான்சும் பிரஷ்யாவும் போரிட்டன. செய்தித்தாளை உடன் உழைப்போர் படித்துக்கூறக் கேட்க வேண்டியிருந்தது. தாமே படிக்க வேண்டும் என்ற வேட்கை அப்போது மூண்டது. கற்றார். இரவுப் பள்ளிக்குச் சென்று பிறமொழிகளும் கற்றார். பிறகு தாமே இரவுப் பள்ளி நடத்திச் சில காசு ஈட்டினார். 1876இல் கையில் சேர்ந்த 40 பவுனுடன் ஜெர்மனிக்குப் புறப்பட்டார். ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கி, வண்டிச் சத்தத்தை மிச்சப்படுத்த, ஹைடல்பர்க் வரை நடந்தே சென்றார்!

ஏன் ஹைடல்பர்க்? பெயருக்காகவா? அன்று. மொழிகளை அறிவியல் முறையில் ஆராயும் கலை அந்நாளில் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில்தான் தழைத்திருந்தது. அவர் தேடிய பொருள் இருந்த இடத்துக்கு அவர் நடந்தார். பணம் தீர்ந்தது, திரும்பி வந்தார், பள்ளிகளில் கற்பித்துப் பொருள் சேர்த்தார், மீண்டும் சென்றார், 1885இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1901இல் ஆக்ஸ்போர்டில் ஒப்பியல் மொழிநூல் பேராசிரியராக அமர்ந்தார். அமர்ந்தவர் தம் மக்களை மறந்தாரா? கொச்சை என்று கற்றோர் ஒதுக்கிய நாட்டுப்புறப் பேச்சை எல்லாம் திரட்டி, 1898 முதல் 1905 வரை ஆறு பெருந்தொகுதிகளாக ஆங்கில வட்டார வழக்கு அகராதியை வெளியிட்டார். ஆலையில் கேட்ட சொல் அறிஞர் அவையில் அமர்ந்தது.

இரண்டாமவர் நம் மு. வரதராசனார். 1912இல் பிறந்தவர். திருப்பத்தூர் வட்ட அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்தவர். உடல்நலம் குன்ற, அந்த வேலையை விட்டார். பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்க வாய்ப்பில்லை. வீட்டிலிருந்தபடியே படித்து 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதல்வராகத் தேறினார். 1939இல் பி.ஓ.எல்.; அதே ஆண்டு பச்சையப்பன் கல்லூரியில் ஆசிரியர் பணி. 1944இல், தமிழ் வினைச்சொற்களை ஆராய்ந்து எம்.ஓ.எல். பட்டம். 1948இல், சங்க இலக்கியத்தில் இயற்கையை ஆராய்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம். எழுத்தர் மேசையிலிருந்து எழுந்தவர், 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் இருக்கையில் அமர்ந்தார். எந்தச் சீமைக்குப் போனார்? படிப்பதற்காக எங்கும் போகவில்லை. உழைத்துக்கொண்டே கற்றார், கற்றுக்கொண்டே கற்பித்தார்.

மூன்றாமவர் தனிநாயக அடிகள். 1913இல் ஈழத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்தவர், கத்தோலிக்கத் துறவி. உரோமாபுரியில் இறையியல் பயின்று டாக்டர் பட்டம் பெற்றவர். இலத்தீன், இத்தாலியம் முதலாய ஐரோப்பிய மொழிகள் பல அறிந்தவர். நெல்லை நாட்டு வடக்கன்குளத்தில் பள்ளியாசிரியராக இருந்தபோது, தம் தாய்மொழியின் இலக்கியத்தைத் தாம் அறியாததை உணர்ந்தார். உலகமறிந்தவர் அல்லவா, ஒரு புன்னகையோடு விட்டிருக்கலாம். விடவில்லை. புலவர் ஒருவரிடம் பாடங்கேட்டார். 1945இல், டாக்டர் பட்டம் பெற்ற அந்தத் துறவி, முப்பத்திரண்டு வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார்! உரோமாபுரியிலிருந்து சிதம்பரத்துக்கு வருவது இறக்கமா, ஏற்றமா? பிற்காலம் விடை கூறிற்று. 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியபோது, அதனைக் கூட்டிய கரங்களில் முதன்மையானது அவருடையது.

ஒன்றைக் கவனித்தாயா? சிதம்பரத்தில் தனிநாயக அடிகள் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் என்ன? பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை! அதே 1940களில், சென்னையில் மு. வ. எடுத்துக்கொண்டதும் சங்கப் பாடல்களில் இயற்கைதான். ஒருவர் உரோமாபுரியைப் பார்த்துவிட்டு வந்தவர். மற்றொருவர் திருப்பத்தூர் வட்ட அலுவலகத்திலிருந்து வந்தவர். இடம் வேறு, வழி வேறு, வாய்ப்பு வேறு. வினா ஒன்று! குறிஞ்சியும் முல்லையும் காதலுக்குப் பின்னணியாக மட்டும் நின்றனவா, வாழ்வோடு இரண்டறக் கலந்தனவா என்று அறியும் வேட்கை ஒன்று. அந்த வேட்கைதான் அவர்களை ஆக்கிற்று; அவர்கள் நுழைந்த கட்டடம் அன்று.

ஆகவேதான் கூறுகிறேன்: 'எங்கே படிப்பது?' என்று கேட்குமுன், 'எதை அறியப் படிப்பது?' என்று உன்னை நீயே கேள். இந்த முதற் கேள்விக்கு விடை இல்லையேல், இரண்டாங் கேள்விக்கு எவர் கூறும் விடையும் பயன்படாது. வினா இல்லாதவன் ஆக்ஸ்போர்டுக்குப் போனாலும் படம்பிடித்துக்கொண்டு திரும்புவான். வினா உள்ளவன் வட்ட நூலகத்திலும் விளக்கேற்றிக்கொள்வான்.

சோற்றுக் கேள்வியையும் ஒதுக்க வேண்டாம். மாமன் கேட்டது தவறன்று. பசித்தவன் கேட்கும் கேள்வி அது. இலக்கிய எம்.ஏ. பட்டம் மட்டுமே வேலையைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிடாது. கல்லூரியில் கற்பிக்க வேண்டுமானால் நெட், செட் போன்ற தகுதித் தேர்வோ டாக்டர் பட்டமோ வேண்டும். மேல்நிலைப் பள்ளியில் கற்பிக்கப் பி.எட். பட்டமும் போட்டித் தேர்வும் உண்டு. இருக்கும் இடங்கள் சில, எழுதுவோர் பல. இதை மறைத்துவிட்டு, 'இலக்கியம் உன்னை வாழவைக்கும்' என்று மேடையில் முழங்குபவன் உனக்கு நண்பன் அல்லன். ஆகவே படிக்கும்போதே கைத்தொழில் ஒன்றையும் பழகு. மொழிபெயர்ப்போ, அச்சுப் பிழை திருத்தமோ, பதிப்புக் கலையோ, இதழ்ப்பணியோ, ஏதேனும் ஒன்று. ரைட் கற்பித்துக்கொண்டே கற்றார் என்பதை மறவாதே.

சீமைப் படிப்பு கூடாது என்று கூற நான் பழமைவாதியல்லன். உன் வினாவுக்கான பேராசிரியர் அங்கே இருக்கிறார் என்றால் போ. ஆனால் கணக்குப் பார்த்துப் போ. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இலக்கிய முதுகலைக்குப் பெரும்பாலும் நாமே பணம் கட்ட வேண்டும். டாக்டர் படிப்புக்கோ அவற்றுள் பல, கட்டணத்தைத் தள்ளி, கற்பிக்கும் பணியும் கொடுத்து உதவித்தொகை வழங்குகின்றன. எனவே முதுகலையை இங்கே குறைந்த செலவில் முடித்து, வினாவைக் கூர்மையாக்கிக்கொண்டு, அவர்கள் பணத்தில் அங்கே போவது அறிவுடைமை. தந்தையின் வீட்டுப் பத்திரத்தில் ஏறிக் கடல் கடப்பது அறிவுடைமையன்று.

இங்கே தேர்வதானாலும் பெயர்ப்பலகையைப் பார்த்து மயங்காதே. மூன்றைப் பார். கற்பிப்பவர் யார், அவர் எழுதிய நூல் என்ன? நூலகத்தில் உனக்கு வேண்டிய ஏடு உண்டா? கேள்வி கேட்கும் மாணவரை அங்கே மதிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா? 1981இல் தஞ்சையில் எழுந்த தமிழ்ப் பல்கலைக்கழகம் உண்டு. 1970இல் சென்னையில் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் உண்டு. தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் உண்டு. தஞ்சையில் சரசுவதி மகால் ஏடுகள் உண்டு. உன் மாவட்டத்து அரசுக் கல்லூரியில், எவரும் பெயர் அறியாத நல்லாசிரியர் ஒருவரும் இருக்கக்கூடும். நேரில் போ, வகுப்பில் அமர், படிக்கும் மாணவரிடம் கேள், பிறகு எழுது.

இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண், சற்று நேரம் பேசவில்லை. பிறகு கூறினாள்: "பாம்பு உரித்த தோல் போன்ற மெல்லிய ஆடை என்று சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள், ஐயா. உடுத்தியவரைப் பாடியிருக்கிறார்கள், கொடுத்தவரைப் பாடியிருக்கிறார்கள். நெய்தவரைப் பற்றி என்ன பாடியிருக்கிறார்கள்? அது எனக்குத் தெரியவேண்டும்."

என் உடல் சிலிர்த்தது. தறி ஓசையில் வளர்ந்த மகள் அல்லவா கேட்கிறாள்! பட்டுடுத்திய பண்டிதர் பலர் பார்க்க மறந்த இடத்தில் அல்லவா அவள் கண் பதிந்திருக்கிறது! இந்த வினாவுக்கு ஏடுகள் எங்கே இருக்கின்றன? இங்கேதான், தமிழில்தான். ஒப்பிட்டு நோக்க ஆங்கிலமும் வேண்டும். அதைக் கருவியாகக் கொள்ளலாம்.

விண்ணப்பத்தாளின் வெற்றிடத்தை அவள் அங்கே நிரப்பவில்லை. இரண்டு கல்லூரிகளை நேரில் பார்த்துவிட்டு எழுதுவதாகக் கூறிச் சென்றாள். தாளின் பின்பக்கத்தில் மட்டும் அந்த வினாவைப் பென்சிலால் எழுதிக்கொண்டாள். பத்திரம் பெட்டியிலேயே இருக்கும்; அது அந்தத் தந்தைக்கு ஆறுதல்.

தம்பி, தங்கையே! உன் தாளின் பின்பக்கத்தில் எழுத உன்னிடம் வினா உண்டா? இருந்தால் முன்பக்கம் தானே நிரம்பும். நமக்கு முன் இருந்தோர் வாயிலைத் திறக்கப் போராடினார்கள், திறந்துவிட்டார்கள். இனி நுழைவது நம் கடமை. நுழைந்தபின், வாயிலுக்கு வெளியே இன்னும் நிற்பவரைப் பற்றி வினவுவது அதனினும் பெரிய கடமை!